பேச்சுரிமை முதல் குண்டர் சட்டம் வரை: ஒரு வழக்கறிஞரின் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் ஊர்க் குடிநீர்ப் பிரச்சினைக்காக அமைச்சரைக் கண்டித்து ஃபேஸ்புக்கில் எழுதினேன். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, அரசை விமர்சிக்க எனக்கு உரிமை இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை, தம்பி. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) உங்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அதை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பதை 19(2) பட்டியல் போட்டே சொல்கிறது: இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அமைச்சரைக் கண்டிப்பது இதில் எங்கும் வராது. 'எரிச்சலூட்டும்' பதிவுக்கெல்லாம் வழக்குப் போட வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் 'லஞ்சம் வாங்கினார்' என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். அங்கே மட்டும் கவனமாக இருங்கள்.

கேள்வி: 'பொது ஒழுங்கு' என்று சொல்லி எதை வேண்டுமானாலும் தடுத்துவிடலாமே, ஐயா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 1950-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சொல் 19(2)-இல் இல்லை. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அரசு சும்மா இருக்கவில்லை. 1951-இல் முதல் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தார்கள். அதே திருத்தத்தில்தான் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் உள்ளே வந்தது. இன்றுவரை நம்மைக் காப்பாற்றி வருவது அந்த ஒரு சொல்தான் என்பேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1989-இன் ரங்கராஜன் வழக்கைப் பாருங்கள். இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படம். அதை ஓட்டினால் கலவரம் வரும் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்து எங்கோ தொலைவில் இருப்பதாக ஊகித்தால் போதாது, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்றது. மிரட்டுகிறவர்களுக்குப் பயந்து பேசுகிறவரின் வாயை மூடக் கூடாது, பேசுகிறவருக்குப் பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. கூட்டத்துக்கோ படத்துக்கோ தடை வரும்போதெல்லாம் நான் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

கேள்வி: நான் முகாமில் வாழும் இலங்கை அகதி. எனக்கும் இந்த உரிமைகள் உண்டா?

பதில்: சில உண்டு, அம்மா. 14 (சட்டத்தின் முன் சமம்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) இரண்டும் இந்த மண்ணில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். பல பத்தாண்டுகளாக இங்கேயே வாழ்கிறவர்களுக்கு இது பெரிய அநீதி என்பது என் கருத்து.

கேள்வி: என் தம்பியைக் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டாமா?

பதில்: சாதாரணக் கைதுக்குத்தான் அந்த விதி. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு அது பொருந்தாது என்று 22-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. விசாரணையும் தண்டனையும் இல்லாமலே, 1982-ஆம் ஆண்டின் இந்தக் குண்டர் சட்டப்படி 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். நம் அரசமைப்பில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான்.

ஆனாலும் வழி இருக்கிறது. காவலுக்கான காரணங்களையும் ஆவணங்களையும் தம்பிக்குத் தெரிந்த மொழியில் கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுக்காமல் விட்டதற்காகவே பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. அரசுக்கு உடனே முறையீடு அனுப்புங்கள்; அதைப் பரிசீலிக்கத் தாமதித்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம். ஒரு தனிச் சண்டையைப் 'பொது ஒழுங்குக்குக் கேடு' என்று எழுதியிருந்தால் அதையும் எதிர்க்கலாம். இதையெல்லாம் வைத்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மறுபடி எமர்ஜென்சி வந்தால் எல்லா உரிமையும் போய்விடுமா?

பதில்: 1976-இல் உயிர் வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றம் போக முடியாது என்று தீர்ப்பு வந்தது; நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலும் 20 (குற்ற வழக்கில் பாதுகாப்பு), 21 பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது.

கேள்வி: ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டால் வாய்மொழியாகவே 'கிடையாது' என்கிறார்கள். அப்புறம் என்ன செய்வது?

பதில்: மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். இடம், நேரம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு நிபந்தனை போடப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. எங்கேயும் எப்போதும் கூடவே கூடாது என்று சொல்ல அதிகாரம் இல்லை. எழுத்தில் தர மறுத்தால் ஒப்புகையோடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய், 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு தாக்கல் செய்யுங்கள்.