அந்த மூன்று படிகள் எங்கே?

கேள்வி: தாவரவியல் பூங்கா ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். பார்வையாளர்களுக்குப் புது வரைபடம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது பயன்பட வேண்டும். பாதைகளை நிறத்தால் பிரித்து, ஓரத்தில் பிரெய்லும் சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. நான் முதன்முதலில் ஒரு பூங்காவுக்குப் போட்ட படத்தில் இலை நரம்புகூடத் தெரியும், அத்தனை அழகு! ஆனால் பெரணிக் குடிலுக்கு முன்னால் இருந்த மூன்று படிகளை வரையவில்லை. மூன்றுதானே என்று விட்டுவிட்டேன். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் அங்கே வந்து நின்றார், படத்தைப் பார்த்தார், வந்த வழியே திரும்பினார். திரும்பும் வழி முழுக்க ஏற்றம். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதனால் வரைய உட்காரும் முன், ஒரு சக்கர நாற்காலியை எல்லாப் பாதையிலும் தள்ளிப் பாருங்கள். ஜல்லி, மரப்பட்டைத் தூள், வேர் முட்டிய இடம், கண்ணாடிக் குடிலின் வாசற்படி எல்லாம் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். சரிவை அளக்க ஒரு மீட்டர் பலகையும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மட்டம் வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அடியில் 5 செ.மீ. இடைவெளி என்றால் சரிவு 20-க்கு 1, அதைத் தாண்டினால் படத்தில் குறித்துவிடுங்கள். 8 செ.மீ.க்கு மேல் போனால் தனியாக நாற்காலியை உருட்டி வருபவருக்கு அது பாதையே இல்லை. பக்கவாட்டுச் சரிவையும் பாருங்கள், நாற்காலி ஓரத்துக்கு இழுக்கும். அப்புறம் பெஞ்சுகள். முட்டிவலிக்காரர்கள் படத்தில் முதலில் தேடுவது கழிப்பறையையும் பெஞ்சையும்தான், அரிய மரத்தை அல்ல.

நிறத்துக்கு வருவோம். பூங்கா என்றால் பச்சைதான் என்று எல்லோரும் பச்சைமேல் பச்சை பூசுகிறோம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அது ஒரே சேறு. எளிய பாதைக்குத் தடித்த கோடு, செங்குத்தானதற்குப் புள்ளிக்கோடு என்று போட்டுவிட்டு, அதன்மேல் நிறம் சேருங்கள். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் புரிய வேண்டும். எழுத்து பெரிதாக, தாள் பளபளக்காமல் இருக்கட்டும்.

பிரெய்ல் விஷயத்தில் ஒன்று. அதன் எழுத்தைச் சுருக்க முடியாது, விரல் நுனிக்கு ஓர் அளவு உண்டு. ஓரத்தில் நுழைத்தால் நாலு வார்த்தைக்குமேல் தாங்காது. தொட்டு உணரும் படத்தைத் தனியாகச் செய்யுங்கள். முக்கியப் பாதை, நுழைவாயில், கழிப்பறை, சத்தம் போடும் நீரூற்று, இவ்வளவே போதும். பூ வாசனையை அடையாளமாக வைக்காதீர்கள், பருவம் முடிந்தால் வழி தொலைந்தது! பார்வை இழந்தவர்களில் பிரெய்ல் படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. அவர்களுக்கு ஒலிப்பதிவில் வழி சொல்லுங்கள்.

பலகையாக நிறுத்துவதானால், எதிரே இருப்பது படத்தில் மேலே வர வேண்டும். வடக்கு எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் 50 பிரதி மட்டும் அச்சடியுங்கள். நான் 5,000 அடித்துவிட்டு, மூன்று படிகளையும் பேனாவால் வரைந்துகொண்டிருந்தேன்.