கையால் செய்த பழைய பாணி ஸ்லாட் கார் பாடிக்கு எப்படிப் பெயிண்ட் அடித்தால் பொம்மை போலத் தெரியாது?

1950களின் ரேஸ் கார் போல, எஞ்சின் முன்னால் இருக்கும் ஒற்றை இருக்கைக் ஸ்லாட் காரை (டிராக்கில் வெட்டிய காடியைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார்) 1/32 அளவில் ஃபைபரில் நீங்களே செய்திருக்கிறீர்கள். ஸ்ப்ரே கேனில் பச்சை நிறம் மூன்று முறை அடித்தும் பொம்மைக் கடைக் கார் மாதிரியே இருக்கிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தேன். மூக்கும் வால் பகுதியும் அருமையாக வந்திருக்கின்றன, உருவத்தில் ஒரு குறையும் இல்லை. பெயிண்ட் தடிமனாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ப்ரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட்டிங் எல்லாம் சேர்ந்து உங்கள் பாடியில் 0.1 மி.மீ. ஏறியிருந்தால், 32 மடங்கு பெரிதாக்கும்போது அது 3.2 மி.மீ. ஆகிறது. நிஜக் காரின் தகரத்தில் மூன்று மில்லிமீட்டருக்குப் பெயிண்ட் அப்பினால் எப்படி இருக்கும்? பானட்டின் விளிம்பு மழுங்கும், காற்றுப் பிளவுகள் அடைபடும், தகடுகள் சேரும் கோடு காணாமல் போகும். நம் கண் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மழுங்கலைத்தான் பார்க்கிறது, பார்த்ததும் பொம்மை என்று முடிவு கட்டிவிடுகிறது. அதனால் நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே பெயிண்டை எப்படி மெலிசாக வைப்பது என்பதைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் தண்டையார்பேட்டை. அப்பா மூலக்கடை பக்கம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார், பட்டி பார்ப்பதும் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்ப்பதும் பள்ளிக்கூட விடுமுறைகளில் அங்கே கற்றதுதான். இப்போது எங்கள் மொட்டை மாடி அறையில் பலகையில் காடி வெட்டிய ஒரு டிராக் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறோம். பாடிக்கு ரெசினும் மெல்லிய கண்ணாடி இழைத் துணியும் காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவரிடம் வாங்குவேன். அவருக்கு ஒரு படகில் மிச்சமாகும் துண்டு எனக்கு ஐந்து கார்களுக்கு வரும்.

சரி, முதலில் அந்த மூன்று கோட்டிங்கையும் இறக்குங்கள். பெயிண்ட் ரிமூவர் வேண்டாம், அது ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும். 320 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் போதும். காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, ஃபைபர் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு முறை கழுவுங்கள். அச்சிலிருந்து பாடி கழன்று வருவதற்காகத் தடவிய மெழுகு மேலேயே ஒட்டியிருக்கும். என் இரண்டாவது காரில் அதைக் கழுவாமல் அடித்துவிட்டேன், பெயிண்ட் விழுந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் குழியாக விலகி நின்றது, முழுவதையும் இறக்கி மறுபடி ஆரம்பிக்க ஒரு வாரம் போனது.

பெயிண்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய நுணுக்க வேலைதான் அதிகம். பானட்டின் கோடுகளையும் தகடுகள் சேரும் கோடுகளையும் பிளேடின் முதுகுப்பக்கத்தால் கீறுங்கள், முனையால் கீறினால் ஓரம் எழும்பி நிற்கும். தடித்த டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி அதன் விளிம்பை ஸ்கேல் மாதிரி பயன்படுத்தினால் வளைவிலும் கோடு நேராக வரும். பானட்டில் இருக்கும் காற்றுப் பிளவுகளுக்கு குளிர்பான டின்னின் அலுமினியத் தகட்டை எடுத்து, கீழே ஒரு ரப்பர் துண்டு வைத்து, முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் வரிசையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் அரை வட்டமாகப் புடைக்கும். அந்தத் தகட்டையே வெட்டி பானட் மேல் ஒட்டிவிடலாம். ரிவிட் வரிசைக்குத் தையல்காரர்கள் துணியில் குறி போட ஓட்டும் பல் சக்கரம் இருக்கிறதே, அதை இன்னொரு தகட்டின் பின்பக்கம் ஒரு முறை ஓட்டினால் முன்பக்கம் சீரான புள்ளிகள் எழும்பும். இதை எனக்குச் சொன்னது என் மனைவி, அதற்கு முன் ஊசி முனையில் பசையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியைப் பள்ளத்தில் மட்டும் வையுங்கள். பாடி முழுக்கப் பூசித் தேய்ப்பது லாரிக்குச் சரி, இங்கே எடை மேலே ஏறிவிடும், வளைவில் கார் காடியை விட்டுக் கவிழும். ப்ரைமர் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு மெல்லிய கோட்டிங், 600 பேப்பரில் தேய்த்து, கீறல் தெரியும் இடத்தில் மட்டும் தொட்டு, மறுபடி 1000. கையால் தடவிப் பார்க்கும்போது வழுக்க வேண்டும், ஆனால் கீறிய கோடுகள் நகத்தில் தட்டுப்பட வேண்டும்.

அடிக்கும் நேரம் நம் பக்கத்தில் மிக முக்கியம். கடலுக்கு இவ்வளவு கிட்டே இருக்கிறோம், விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம், மதியம் கடற்காற்று உள்ளே வந்தால் மறுபடி ஈரம். லக்கர் வகைப் பெயிண்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். உங்கள் படத்தில் வால் பகுதியில் தெரியும் மங்கல் அதுதான் என்று நினைக்கிறேன். காலை பத்து மணியிலிருந்து கடற்காற்று வருவதற்குள் அடித்து முடித்துவிடுவது என் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நான் பெயிண்டைத் தொடுவதே இல்லை, அந்த இரண்டு மாதமும் சேஸிஸ் வேலையும் சக்கர வேலையும்தான்.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து (கொதிக்கும் தண்ணீர் ஆபத்து), நன்றாகக் குலுக்கி, 20, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே தொடங்கி பாடிக்கு வெளியே முடியுங்கள். முதல் தூவலில் ப்ரைமர் பாதி தெரிய வேண்டும். ஒவ்வொரு கோட்டிங்கிலும் ஒரே தடவையில் மூட நினைத்ததுதான் உங்கள் தப்பு. பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து தூவல் போட்டாலும், ஈரமாக அடித்த ஒரு கோட்டிங்கை விட அது மெலிசாகத்தான் இருக்கும். லக்கர் மேல் எனாமல் போகலாம், எனாமல் மேல் லக்கர் அடித்தால் தோல் போலச் சுருங்கும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பச்சை நல்ல தேர்வு. 1903ல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது பிரிட்டன் கார்கள் பச்சை பூசி வந்தன, அதிலிருந்து அது அவர்கள் நிறமாக நிலைத்தது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1934லிருந்து வெள்ளி. சிகரெட் கம்பெனி நிறங்களை லோட்டஸ் அணி பூசி வந்தது 1968ல், அதனால் ஐம்பதுகளின் ஃபார்முலா ஒன் காரில் பெரிய விளம்பர ஸ்டிக்கர் ஒட்டினால் காலமே தப்பிவிடும். இன்னொன்று, நிஜக் காரின் அதே பச்சையைச் சின்ன உருவத்தில் பூசினால் கருப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளுத்த பச்சையாகத் தேர்ந்தெடுங்கள். சிவப்பாக இருந்தால் வெள்ளை கலக்கக் கூடாது, ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பாக வாங்குங்கள்.

பளபளப்பு எவ்வளவு என்பதற்கு நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். 1957ல் ஸ்காலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் பிராண்டு முதன்முதலில் வந்தபோது அதன் மசராட்டி, ஃபெராரி பாடிகள் தகரத்தில் செய்தவை, நல்ல பளபளப்பு. அந்தப் பழைய பொம்மையின் அழகுதான் வேண்டும் என்றால் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுங்கள், அது சரிதான். நிஜக் கார் வேண்டும் என்றால் அரைப் பளபளப்பு. சின்ன வயதில் மாமா என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போனார், ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடக்கும், பின்னால்தான் எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. அங்கே பார்த்த கார்களில் எனக்கு நினைவிருப்பது புழுதியும் எண்ணெய்க் கறையும் எண் எழுதிய வட்டமும்தான். எந்தக் காரும் மின்னவில்லை. ஒரு கார் ஓடியது என்று நம்ப வைப்பது அந்த மங்கல்தான் என்று அன்றிலிருந்தே எனக்குத் தோன்றுகிறது. 2000 பேப்பரில் லேசாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டை மேல் வளைவுகளுக்கு மட்டும் போடுங்கள், கீழ்ப்பக்கத்தை அப்படியே விடுங்கள்.

எண் வட்டம் நிஜத்தில் 45 செ.மீ. என்றால் உங்களுக்கு 14 மி.மீ. டேப்பில் வட்டம் வெட்டி, வெள்ளையைத் தூவி, எண்ணைக் கையால் எழுதுங்கள். ஸ்டிக்கரின் விளிம்பு 1/32ல் படிக்கட்டு மாதிரி தெரியும், அந்தக் காலத்து எண்களும் பெரும்பாலும் பிரஷ்ஷில் எழுதியவைதான். அப்பா பட்டறையில் லாரிக்குப் பெயர் எழுத வரும் அண்ணன் ஒருவர், சுண்டு விரலைத் தகரத்தில் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே கோட்டை இழுப்பார். இன்றும் எண் எழுதும்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

எல்லாம் காய்ந்த பிறகு, கலைப் பொருள் கடையில் கிடைக்கும் எண்ணெய் வண்ணத்தில் அடர் பழுப்பை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்துக் கோடுகளில் விடுங்கள், மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். டர்பன்டைன் காய்ந்த லக்கரை ஒன்றும் செய்யாது. கருப்பு வேண்டாம், கருப்புக் கோடு பேனாவால் போட்டது போல இருக்கும்.

மிச்சமெல்லாம் நம் பேட்டைக் கடைகளிலேயே இருக்கிறது. முன் கண்ணாடிக்குப் புதுச்சட்டைக் காலருக்குள் வரும் பிளாஸ்டிக், பெட்ரோல் மூடிக்கு ஜாக்கெட் பிரஸ் பட்டனில் ஒரு பாதி, சக்கரக் கம்பிகளுக்கு 0.2 மி.மீ. தூண்டில் நரம்பில் வெள்ளி பூசியது, புகைக்குழாய்க்கு மெல்லிய அலுமினியக் கம்பி, பக்கக் கண்ணாடிக்கு வண்ணாரப்பேட்டையில் புடவை வேலைக்கு விற்கும் சமிக்கி. ஓட்டுநர் பொம்மைக்கு ஹெல்மெட் கட்டாயம் வையுங்கள், 1952லிருந்து அது விதி. தலையைக் காகிதக் கூழில் உள்ளே பொள்ளலாகச் செய்யுங்கள், காரிலேயே உயரமான இடம் அது, அங்கே ஒரு கிராம் குறைந்தாலும் வளைவில் தெரியும்.

ஒட்டும்போது மட்டும் ஒன்று. பக்கக் கண்ணாடி, முன் கண்ணாடி இரண்டையும் சூப்பர் க்ளூவில் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்யும், மோதினால் பாடியின் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு போகும். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையில் ஒரு பொட்டு போதும். போன மாதம் என் நீலக் கார் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து சுவர் வரை போனது, சமிக்கி இரண்டும் கழன்று தரையில் கிடந்தன, பாடியில் ஒரு கீறல்கூட இல்லை. பொறுக்கி எடுத்து மறுபடி ஒட்டி, அடுத்த ஓட்டத்துக்கு வைத்துவிட்டேன்.