1/35 சிப்பாயின் முகம் முழிக்குதா? கண்ணுல இருந்து ஆரம்பிங்க

நண்பரே, நீங்க பெயின்ட் அடிச்ச 1/35 மாடல் பொம்மையோட (நிஜ ஆள் அளவுல 35-ல ஒரு பங்கு) படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ரெண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்காவுல சண்டை போட்ட பிரிட்டிஷ் எட்டாவது ஆர்மி சிப்பாய்தானே அது. காக்கி உடுப்பு அருமை. முகம் மட்டும் பேயைக் கண்ட மாதிரி முழிக்குது, ஏன்னு கேட்டிருந்தீங்க. காரணம், கண்ணுல வச்ச சுத்த வெள்ளை.

1/35-ல ஆள் உயரமே 5 செ.மீ.தான், கண் திறப்பு அரை மில்லிமீட்டர்கூட வராது. அதோட வட ஆப்பிரிக்க வெயில்ல நிக்கிறவன் கண்ணைச் சுருக்கித்தானே பார்ப்பான்?

கண் மேல தோல் நிறத்தைப் பூசி மூடிடுங்க. காய்ஞ்சதும் அடர் பழுப்புல மெல்லிசா ஒரே ஒரு கோடு. அதுவே மேல் இமையின் நிழல். ரெண்டு ஓரத்துலயும் சாம்பல் கலந்த வெள்ளை, ஊசிமுனையளவு போதும். ஹெல்மெட் விளிம்புக்குக் கீழ இருக்கிற முகம், வெள்ளையே வைக்காம விட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் செம்பழுப்பை நல்லா நீர்க்கக் கரைச்சு நெற்றி மேல்பாகம், கன்ன எலும்புக்குக் கீழ, கீழுதட்டுக்கு அடியில விடுங்க. மூக்குத்தண்டுலயும் கன்ன மேட்டுலயும் வெளிர் தோல் நிறம்.

ரொம்பப் பொடிசான 000 பிரஷ் வேண்டாம். அக்ரிலிக் பெயின்ட் அதோட நுனியிலயே காய்ஞ்சிடும். அதைவிடப் பெரிசா, நுனி கூரா நிக்கிற 0 பிரஷ் எடுங்க. அடுத்த படத்தைக் கண்டிப்பா போடுங்க, பார்க்கணும்.