பெடல் ஏன் கனக்கிறது?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "காந்தப்புலத்தில் கம்பி நகர்ந்தால் மின்னழுத்தம் வருவதற்கு ஒரு காரணம், கம்பி சும்மா இருந்து காந்தம் நகர்ந்தால் வேறொரு காரணம் சொல்கிறார்கள். வோல்ட் ஒன்றுதானே, காரணம் ஏன் இரண்டு?" என்று கேட்டாள். பரீட்சைக்கு வராது, விடு என்றேன். முகம் வாடிவிட்டது. நான் சொன்னது சரியா? கோச்சிங் சேர்க்கலாமா? நல்ல புத்தகம் உண்டா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய சார்பியல் கட்டுரை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கம்பி நகர்ந்தால் அதிலுள்ள எலக்ட்ரான்களைக் காந்தவிசை ஒரு முனைக்குத் தள்ளுகிறது. காந்தம் நகர்ந்தால், மாறும் காந்தப்புலம் ஒரு மின்புலத்தை உண்டாக்கி அதே வேலையைச் செய்கிறது. அங்கேதான் அவருக்கும் உறுத்தியது. உங்கள் பெண் பாலக்கோட்டில் உட்கார்ந்து அதைத் தொட்டிருக்கிறாள், நீங்கள் 'விடு' என்கிறீர்கள்! இன்று ராத்திரியே அவளைக் கூப்பிட்டு, நல்ல கேள்வி கேட்டாய் தாயி என்று சொல்லுங்கள். கோச்சிங், புத்தகம் எல்லாம் அப்புறம்.

காந்தத்தை வைத்தே செலவில்லாமல் மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்லும் வீடியோக்களை எனக்கு அனுப்புவதும் படித்தவர்கள்தான். சூத்திரம் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான். டைனமோ போட்ட சைக்கிளை மிதித்திருந்தால் அனுப்ப மாட்டார்கள்.

இளவயதில் காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரவில் சைக்கிளில் வருவேன். டைனமோவைத் தட்டிவிட்டால் அதன் சொரசொரப்பான தலை டயரில் உரசிக் கிர்ரென்று சுழலும். உள்ளே சுற்றுவது காந்தம், கம்பிச் சுருளான காயில் அசையாது. மெதுவாகப் போனால் பல்பு செம்மஞ்சளாக மினுங்கும், மிதித்தால் வெளுக்கும், நின்றால் இருட்டு. 1831-இல் ஃபாரடே கண்டதும் அதுதான்: காந்தம் சும்மா இருந்தால் மின்னோட்டம் காட்டும் மீட்டரின் முள் அசையாது.

டைனமோ போட்டதும் பெடல் கனக்கும். உரசல் என்பார்கள். உரசலும் உண்டு. ஆனால் பல்பு எரியும்போது காயிலில் ஓடும் மின்னோட்டமே ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834-இல் சொன்ன விதி. எதிர்க்காமல் உதவினால் என்ன ஆகும்? காந்தம் வேகமெடுக்கும், மின்னோட்டம் கூடும், அது மேலும் உதவும், மிதிக்காமலே சைக்கிள் ஓடும். அப்படி நடப்பதில்லை. அந்த வெளிச்சத்துக்கு என் கால்தான் கூலி கொடுத்தது. ஒகேனக்கல் தாண்டிப் போகும் காவிரி மேட்டூரில் டர்பைனைச் சுற்றும்போதும் இதே எதிர்ப்பைத் தள்ளித்தான் சுற்றுகிறது. கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் கூடுதல் தண்ணீர் விட்டாக வேண்டும். இதில் தள்ளுபடி கிடையாது.

மோட்டார் வைண்டிங் கடையில் கொஞ்சம் காப்பர் கம்பி கேட்டு வாங்குங்கள். பிவிசி குழாயில் அவளே இருநூறு சுற்று சுற்றட்டும். இரண்டு முனையிலும் கம்பியின் எனாமல் பூச்சை பிளேடால் நன்றாகச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் ஒன்றும் காட்டாது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, காந்தத்தை உள்ளே விட்டு இழுக்கட்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்து வந்து போகும். பிறகு காந்தத்தை மேசையில் நிறுத்திவிட்டுக் குழாயை நகர்த்தட்டும். பார்த்ததை அவளே எனக்கு எழுதட்டும், நீங்கள் வேண்டாம்.