அந்த இரண்டு பொட்டலங்கள்

கேள்வி: என் மகன் மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். அவனும் நண்பர்களும் முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் மீந்த உணவை வாங்கிப் பொட்டலம் கட்டி, அரசு மருத்துவமனை வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிறது. காலாண்டுத் தேர்வில் வேதியியல் மதிப்பெண் குறைந்துவிட்டது. சேர்க்கையும் சரியில்லை. கூட வரும் ஒரு பையன் ஒவ்வொரு முறையும் இரண்டு பொட்டலங்களைப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறானாம். பத்தாம் வகுப்பு வரை நல்ல பையனாகத்தான் இருந்தான். என் மகனை நிறுத்திவிடலாமா?

— ஒரு தாய்

பதில்: சேர்க்கை சரியில்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த இரண்டு பொட்டலங்களைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை, சகோதரி. ஊரார் பசிக்குப் பொட்டலம் கட்டுகிற பையன் தன் வீட்டுக்கும் இரண்டு எடுத்துப் போகிறான் என்றால், முதலில் அந்த வீட்டு அடுப்பைப் பற்றியல்லவா ஒரு தாய்க்குக் கவலை வந்திருக்க வேண்டும்? அவன் குணத்தைப் பற்றி உங்களுக்கு எப்படி எழுதத் தோன்றியது?

பத்தாம் வகுப்பு வரை நல்ல பையன் என்கிறீர்கள். அந்த வரியிலேயே விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1982-இல் தொடங்கி, 1984-இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்த சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காகவே தொடங்கப்பட்டது. பதினாறு வயதில், உடம்பு அதிகமாகக் கேட்கிற பருவத்தில், பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைகிற ஏழைப் பிள்ளைக்கு மதியச் சோறு சட்டென்று இல்லாமல் போகிறது. இது அரசு திருத்த வேண்டிய குறை என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அந்த வீட்டில் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதியது உங்கள் பிழை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு எதையும் கேட்காதீர்கள். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மறுவாரம் அவன் வரமாட்டான், அந்த வீட்டுக்கு அதுவும் போய்விடும். நாளை முதல் உங்கள் மகனின் மதியச் சாப்பாட்டில் இன்னொருவருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள், அவர்கள் பகிர்ந்து உண்ணட்டும். ஒரு மாலை நேரத்தில் அவன் தாயைப் போய்ப் பாருங்கள். கையில் சோற்றுப் பாத்திரம் வேண்டாம், இரண்டு பெண்கள் பேசுகிற பேச்சாக இருக்கட்டும். ரேஷன் அட்டை என்ன வகை என்று மெதுவாகக் கேளுங்கள். சர்க்கரை அட்டையாக இருந்தால் அரிசி கிடைக்காது, அதை அரிசி அட்டையாக மாற்ற விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள். அட்டை சொந்த ஊரில் இருக்கிறது, இங்கே வாடகை வீடு என்றால், அந்த அட்டைக்கு இங்குள்ள கடையிலேயே அரிசி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2011 முதல் இந்த மாநிலத்தில் விலையில்லாமல் கிடைக்கிற அரிசி, ஒரு விண்ணப்பத்தை எழுதித் தர ஆளில்லாமல் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேராமல் இருப்பது எனக்குப் பொறுக்காது. அந்த விண்ணப்பத்தை உங்கள் மகனே எழுதட்டும். மண்டபத்துச் சோற்றால் ஓர் இரவுப் பசிதான் தீரும்.

மகனை நிறுத்த வேண்டாம். தேர்வு வாரங்களில் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், வேதியியலுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். இரவில் பெரியவர் ஒருவர் உடன் போக வேண்டும். உங்கள் கணவர் போகலாம், போகத்தான் வேண்டும். சாம்பார் சாதமானாலும் தயிர் சாதமானாலும் எப்போது இறக்கியது என்று சமையல் மாஸ்டரிடம் கேட்டு வாங்கி, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியைத் தொடவே வேண்டாம். நோயாளிக்குத் துணையாக வந்து வாசலில் படுத்திருப்பவருக்கு வயிற்றுப்போக்கும் வந்தால் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு பொட்டலங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று உங்கள் மகனைக் கொண்டே குழுவில் ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். அப்போது அந்தப் பையன் எதையும் பைக்குள் மறைக்க வேண்டியிராது. உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டையும் இலையில் பிரித்து வைத்து, நீங்களும் உங்கள் கணவரும் மகனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.