மெஷின் அங்கே இருக்க, நோட்டீஸ் எனக்கு ஏன்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், ஈரோடு. திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்தும் என் தங்கை கணவருக்காக 2019இல் 40 லட்ச ரூபாய் சிசி லோனுக்கு (லிமிட் வரை தேவைப்படும்போது எடுத்து, திருப்பிக் கட்டும் தொழில் கடன்) ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். சொத்துப் பத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. பிறகு லிமிட்டை 65 லட்சமாகக் கூட்டியிருக்கிறார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கணக்கு வாராக்கடன் ஆகி, 60 நாளில் கட்டு என்று எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. மெஷினும் சரக்கும் பாங்க் பேரில்தானே அடமானம் இருக்கின்றன, முதலில் அவற்றை விற்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? என் வீடும் பென்ஷனும் போய்விடுமா ஐயா?

பதில்: முதல் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. பாங்க் அப்படி வரிசையில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. முதலில் கடன்காரரிடம் வசூல் செய்து பார், முடியாவிட்டால் ஜாமீன்தாரரிடம் போ என்று கீழ்நீதிமன்றம் போட்ட நிபந்தனையை 1968இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கடன்காரரிடம் அலைய வேண்டியதில்லை என்பதற்காகத்தானே ஜாமீனே வாங்குகிறார்கள். நம் ஊரில் பலர் இதை ஏதோ சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைத்துப் போடுகிறார்கள், அதுதான் வினை.

சரி, வீடு. நீங்கள் பத்திரம் வைக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். வாராக்கடனுக்காக அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க பாங்குக்கு வழி தரும் சர்ஃபாசி சட்டப்படி பாங்க் நேரடியாகக் கைப்பற்றக்கூடியது அடமானத்தில் உள்ள சொத்தை மட்டும்தான். அடமானம் இல்லாத உங்கள் வீட்டைத் தொட வேண்டுமானால், கடன் 20 லட்சத்துக்கு மேல் என்பதால், கோவையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, உங்கள் மேல் உத்தரவு வாங்கி, அதற்குப் பிறகுதான் ஜப்தி. இடையில் வீட்டை விற்காதபடி தடை கேட்கலாம், அதனால் அவசரப்பட்டு மகன் பேருக்கு எழுதி வைக்கிற வேலை வேண்டாம், அது ஏமாற்றும் நோக்கம் என்று உங்களுக்கு எதிராகவே திரும்பும். தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அரசுப் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. பென்ஷன், கிராஜுவிட்டி பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் டெபாசிட் அதே பாங்கில் இருந்தால் பிடித்து வைத்துக்கொண்டு உங்களை அலைய விடுவார்கள். எந்தப் பணம் ஓய்வூதியப் பலன் என்பதற்கான தாள்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 65 லட்சம். ஜாமீன்தாரர் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய வரவு செலவுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 133ஆவது பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாங்குகளின் அச்சடித்த ஜாமீன் பத்திரத்தில் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வருஷா வருஷம் லிமிட் புதுப்பிக்கும்போது மாப்பிள்ளை கொண்டுவந்த தாளில் நீங்கள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பாங்குக்கு எழுத்தில் கேளுங்கள்: நான் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகல், 2019 அனுமதிக் கடிதம், லிமிட் கூட்டிய கடிதம். அந்தப் பத்திரத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்று பாருங்கள். 40 லட்சம் என்று உச்சவரம்பு இருந்தால் உங்கள் பொறுப்பு அதுவும் பத்திரப்படி சேரும் வட்டியும்தான், 65 இல்லை. 60 நாள் முடிவதற்குள் இந்த ஆட்சேபத்தைப் பதிலாக அனுப்பினால் பாங்க் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதுவரை பாக்கியை ஒப்புக்கொள்ளும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், அது வழக்குப் போட பாங்குக்கு இருக்கும் காலவரம்பைப் புதுப்பித்துவிடும்.

மாப்பிள்ளை ஒன்டைம் செட்டில்மென்ட் (பேசி முடித்த ஒரு தொகையைக் கட்டிக் கணக்கைத் தீர்ப்பது) பேசினால் நீங்களும் உடன் போங்கள், ஜாமீன்தாரரையும் விடுவிக்கிறோம் என்று கடிதத்தில் வர வேண்டும். கடைசியில் நீங்களே கட்ட நேர்ந்தால், கட்டிய தொகையை அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. கடன் முழுவதையும் தீர்த்தால் பாங்கின் இடத்துக்கு வந்து அந்த மெஷின் மேலும் உரிமை கோரலாம். தங்கை முகத்தைப் பார்த்து நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் கம்பெனி திவால் வழக்காக என்சிஎல்டிக்கு (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போய், வேறொருவர் எடுத்து நடத்த ஒப்புதலும் ஆகிவிட்டது. டைரக்டராக நான் கொடுத்த ஜாமீன் முடிந்ததா? (வாசகர், கோவை)

பதில்: தானாக முடியாது. 2021 மே மாதம் லலித்குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வேறொருவர் எடுத்து நடத்த ஒப்புதலான அந்தத் திட்டத்தில் பாங்குக்குக் கிடைக்காத மீதிக்கு உங்களைத் துரத்தலாம், 2019 டிசம்பர் முதல் தனிநபர் ஜாமீன்தாரர் மேலும் திவால் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. ஒப்புதலான திட்டத்தில் ஜாமீன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: நண்பருக்கு ஜாமீன் போட்ட அப்பா போன மாதம் இறந்துவிட்டார். நாங்கள் கட்ட வேண்டுமா? (வாசகி, கரூர்)

பதில்: உங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அப்பா விட்டுச்சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால் அந்த மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. பத்திரம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அவர் இறந்த பிறகு நண்பர் எடுக்கும் புதுப் பணத்துக்கு ஜாமீன் செல்லாது. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் பாங்குக்கு அனுப்பி, அந்தத் தேதியில் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.