பதின்வயது மூளையை உருவாக்குவது மரபணுவா, சேர்க்கையா?

"அப்பன் புத்தி" என்றும் "சேர்க்கை சரியில்லை" என்றும் எங்கள் மேலூர்ப் பக்கம் ஒரே பையனைப் பற்றி ஒரே திண்ணையில் பேசுவார்கள். இரண்டுமே பாதி சரி.

மூளை 6 வயதிலேயே ஏறக்குறைய 90 சதவீத அளவை எட்டிவிடும். அப்புறம் பதின்வயதில் நடப்பது கவாத்து. மல்லிகைச் செடியைக் கழித்துவிடுவதுபோல, புழங்காத நரம்பிணைப்புகள் கழிகின்றன. புழங்கும் நரம்பிழைகளில் மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. இது எந்த வரிசையில் நடக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணு வகுக்கிறது. ஆசை, உணர்ச்சிப் பகுதிகள் முந்திக்கொள்ளும். நிதானத்துக்கான நெற்றிப்பகுதி 25 வயதுவாக்கில்தான் முதிரும். எந்த இணைப்பு தங்கும் என்பதில் பழக்கம், வீட்டுச் சூழல், நண்பர்கள் எல்லாம் கைவைக்கும்.

நண்பர்கள் சாதாரணமில்லை. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டை நண்பர்கள் பார்க்க ஆடியபோது பதின்வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அழகர்கோவில் சாலையில் மூன்று பேராக பைக்கில் பறப்பவன் தனியாக வந்தால் பூனைதான்!

மரபணுவும் சேர்க்கையும் தனித்தனியே நிற்பதுமில்லை. படிப்பில் இயல்பாகவே நாட்டமுள்ள பிள்ளை புதுநத்தம் சாலை நூலகத்தைத் தானே தேடிப் போகும், அங்கே அதே மாதிரி நண்பர்கள் கிடைப்பார்கள். கடும் மன அழுத்தமோ மரபணுவின் எழுத்தை மாற்றாது. அந்த மரபணு வேலைசெய்யும் அளவைக் கூட்டும், குறைக்கும்.